கோழிக்காலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

முழுக்கோழி ஒன்றைத் துண்டு போடாமல் அப்படியே வாங்கி வருகிறோம். உப்பு, மஞ்சள்தூள், மிளகு, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் தடவி, ஒரு பீங்கான் பானைக்குள் உட்கார வைத்துக் கண்ணாடி மூடியால் மூடிவிடுகிறோம். பானையைச் சுற்றி ஒரு மின்கம்பிச் சுருள் இருக்கிறது. அது இழுக்கும் மின்சாரம் 200 வாட்டைச் சுற்றித்தான்; பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டு எரிந்தால் எவ்வளவோ அவ்வளவு. விசில் வராது, கிளறவும் வேண்டாம். நாலைந்து மணி நேரம் கழித்துத் திறந்து, கோழிக்காலைப் பிடித்து இழுத்தால் எலும்பு மட்டும் கையோடு வருகிறது. கறி பானையிலேயே நின்றுவிடுகிறது.

இந்தப் பாத்திரத்தின் பெயர் ஸ்லோ குக்கர். வெந்தால் கறி கழலத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சரி, அதே கோழியை வாணலியில் போட்டுப் பெருந்தீயில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். நெஞ்சுக்கறி வறண்டு சக்கையாகிவிடும். காலைக் கடித்தால் ஜவ்வு பல்லோடு இழுக்கும். பெருந்தீயில் வேகாத கால், இரண்டு பல்பு அளவு சூட்டில் எப்படிப் பூவாய் வெந்தது?

விடை அந்தக் காலுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கண்டு உலகத்துக்குச் சொன்ன விஞ்ஞானி சென்னையில் வேலை பார்த்தவர். அதே பொருளை நம்பிப் பிழைக்க, நூறு வருஷத்துக்கும் முன்னால் திருநெல்வேலியிலிருந்து தமிழர்கள் மும்பைத் தாராவிக்கு ரயிலேறி வந்தார்கள். கோழியில் தொடங்கினாலும், நாம் போக வேண்டிய தூரம் கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்த முறை வீட்டில் கோழி வாங்கும்போது, சமைப்பதற்கு முன் ஒரு காலை மட்டும் கேட்டு வாங்கி உற்றுப் பாருங்கள். (பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.) கறி முடிந்து எலும்பு தெரியும் இடத்தில், வெள்ளை வெளேரென்று பளபளப்பாகச் சில பட்டைகள் தெரியும். விரலால் இழுங்கள், அறாது. நகத்தால் கிள்ளுங்கள், அப்போதும் அறாது. இவைதான் தசைநாண்கள். தசையை எலும்போடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பவை. இதே பொருள் மெல்லிய ஜவ்வாகத் தசைக்கு உள்ளேயும் ஓடி, ஒவ்வொரு நாருக்கும் உறை போட்டிருக்கிறது. தோலுக்குப் பலம் தருவதும் இதுதான். எலும்பிலும் இது உண்டு. இதற்குக் கொலாஜன் என்று பெயர். கோழி உடம்பில் மட்டுமா? உங்கள் உடம்பில் உள்ள புரதங்களிலும் இதுவே மிக அதிகம்.

கோழி நாள் முழுவதும் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். நிற்கிறது, நடக்கிறது, குப்பையைக் கிளறுகிறது. எல்லாம் காலுக்கு வேலை. இறக்கை அடிப்பது எப்போதோ ஒருமுறை, நாய் துரத்தினால்தான். இறக்கையை அடிக்கும் தசை நெஞ்சில் இருக்கிறது. அதற்கு ஓய்வுதான் அதிகம். ஓயாமல் உழைக்கும் கால் தசைக்கு உயிர்வளி நிறைய வேண்டும். அதைப் பிடித்து வைக்க மையோகுளோபின் என்ற சிவப்பு நிறப் பொருள் அங்கே கூடுதலாக இருக்கும். தொடைக்கறி கறுத்தும் நெஞ்சுக்கறி வெளுத்தும் இருப்பது இதனால்தான். உழைக்கும் தசைக்கு உறையும் கட்டும் பலமாக வேண்டும் என்பதால், காலில் கொலாஜனும் அதிகம்.

ஆக, ஒரே கோழிக்குள் இரண்டு விதமான கறி இருக்கிறது. நெஞ்சுக்கறி 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் நார்கள் சுருங்கித் தமக்குள் இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளத் தொடங்கும். காலோ 80 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரமாவது நின்றால்தான் மெத்தென்று ஆகும். முழுக்கோழி சமைக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த ஒரு சிக்கலுக்காகத்தான்.

கொலாஜன் சூட்டில் இரண்டு கட்டமாக மாறுகிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் முதலில் சுருங்குகிறது. வெந்த கோழிக்காலில் கறி மேலே ஏறிக்கொண்டு, கீழே எலும்பு மொட்டையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது கொலாஜன் சுருங்கி இழுத்த இழுப்புத்தான். இந்தக் கட்டத்தில் அடுப்பை அணைத்தால் கறி கடினமாகவே இருக்கும். சூடு குறையாமல் இன்னும் நேரம் போகப் போக இரண்டாம் கட்டம் வருகிறது. கொலாஜன் அவிழ்ந்து, தண்ணீரில் கரைந்து, ஜெலட்டினாக மாறுகிறது. அவிழ்ந்து என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். அவிழ்வதற்கு அங்கே நிஜமாகவே முறுக்கு இருக்கிறது.

அந்த முறுக்கைக் கண்டுபிடித்த கதை 1952இல் தொடங்குகிறது. பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பயின்ற ஜி.என். ராமச்சந்திரன், அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். முப்பது வயது இளைஞர். அங்கே வந்திருந்த ஜே.டி. பெர்னால் என்ற அயர்லாந்து விஞ்ஞானியோடு பேசிக்கொண்டிருந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்ற பேச்சு வந்தது. ராமச்சந்திரன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சிக்குச் சுத்தமான கொலாஜன் வேண்டும். எங்கே போவது? வெளிநாட்டுக்கு எழுதிப் போட வேண்டியதில்லை; 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்து அடையாற்றிலேயே இருந்தது. தோலில் பெரும்பங்கு கொலாஜன்தானே! அங்கிருந்து அவருக்குக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன் வழியே எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, படத்தட்டில் விழுந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டார். கூட உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர்களுடைய முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே அதை இன்னும் திருத்தமாக எழுதினார்கள். டி.என்.ஏ. இரட்டைப் புரி என்று உலகம் அறிந்தது 1953இல். அதற்கு மறு வருஷமே, கொலாஜன் மூன்று புரி என்று சென்னையிலிருந்து செய்தி போனது. பாடப்புத்தகங்களில் முதல் செய்தி பெரிதாகவும் இரண்டாவது ஒரு வரியாகவும் இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தேங்காய் நார்க் கயிறு ஒன்றை எடுத்துப் பாருங்கள். மூன்று புரிகளைத் தனித்தனியாக ஒரு பக்கம் முறுக்கி, பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கியிருப்பார்கள். அப்படி முறுக்கினால்தான் கயிறு தானாகப் பிரியாது. கொலாஜனும் அப்படியே. ஒவ்வொரு இழையும் இடப்பக்கமாக முறுக்கியது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டவை. ஓர் இழையில் சுமார் 1,000 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசின். ஏன் கிளைசின்? மூன்று இழைகளும் நெருங்கும் நடுமையத்தில் இடமே இல்லை. அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசினால் மட்டுமே அங்கே நுழைய முடியும். இப்படி ஒரு முப்புரியின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இவற்றை நீளவாக்கில் 3,000க்கும் மேல் வரிசையாக வைத்துவிடலாம்.

சூடு ஏறினால் எல்லா மூலக்கூறுகளும் துள்ளும். துள்ளத் துள்ள, மூன்று இழைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய பிணைப்புகள் விடுகின்றன, முப்புரி பிரிகிறது. ஆனால் ஒரு முப்புரிக்கும் அடுத்த முப்புரிக்கும் இடையிலும் குறுக்குப் பிணைப்புகள் உண்டு. அவை சுலபத்தில் விடாது. விலங்குக்கு வயது ஏற ஏற, சூட்டுக்கு மசியாத குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போகும். ஆறு வாரத்தில் சந்தைக்கு வரும் பிராய்லருக்கு இவை குறைவு. தெருவில் ஓடித் திரிந்து ஒரு வருஷம் கண்ட நாட்டுச்சேவலுக்கு அதிகம். நாட்டுக்கோழியைக் குக்கரில் ஏழெட்டு விசில் விட வேண்டும் என்று ஆச்சி சொன்னால், ஆச்சி சொல்வது இந்தக் குறுக்குப் பிணைப்புகளைப் பற்றித்தான்.

இப்போது தாராவிக்குப் போவோம்.

1887இல் தாராவியில் முதல் தோல் பதனிடும் பட்டறை வந்தது. பாந்த்ராவில் ஆடுமாடு அறுக்கும் இடம் இருந்ததால் பச்சைத்தோல் பக்கத்திலேயே கிடைத்தது. இந்தத் தொழில் தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தார்கள்; அவர்களுக்குப் பின்னால் மற்றத் தமிழர்களும் வந்தார்கள். அவர்கள் செய்த வேலையை வேதியியல் கண்ணால் பாருங்கள். சமையற்காரர் கொலாஜனை அவிழ்க்கப் பார்க்கிறார்; தோல் தொழிலாளி அதே கொலாஜனை என்றைக்கும் அவிழாதபடி கட்டிப்போடுகிறார். தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிரும் சதையும் நீக்கினால் மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் வலைதான். தென்னாட்டு முறையில் அதற்கு ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாறு ஏற்றுவார்கள். அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் முப்புரிகளுக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொள்ளும். பிற்காலத்தில் குரோமிய உப்பு வந்தது. அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பச்சைத்தோலை 60 டிகிரிக்குமேல் சுடுநீரில் போட்டால் சுருண்டுவிடும். குரோமியம் ஏற்றிய நல்ல தோலைக் கொதிக்கும் நீரிலேயே இரண்டு மூன்று நிமிடம் போட்டாலும் சுருங்காது. தோல் சரியாகப் பதப்பட்டதா என்று பார்க்க இதையேதான் சோதனையாகச் செய்வார்கள். 1925இல் வந்த ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் சார்லி சாப்ளின் பூட்ஸை வேகவைத்துச் சாப்பிடுவார், பார்த்திருக்கிறீர்களா? அது அதிமதுர மிட்டாயில் செய்த பூட்ஸ். நிஜமான தோலாக இருந்திருந்தால் ஸ்லோ குக்கரில் ஒரு வாரம் வைத்தாலும் கடிக்க முடிந்திருக்காது.

1971இல் அறுக்கும் இடம் செம்பூருக்குப் பக்கத்தில் தேவ்னாருக்குப் போனது. பிறகு தாராவியின் பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடின. பச்சைத்தோலுக்கு உப்புத் தடவிச் சென்னைக்கு அனுப்பி, பதப்பட்ட தோலாகத் திரும்பப் பெற்றுப் பை, பெல்ட், மணிபர்ஸ் தைக்கும் வேலை தாராவியில் தொடர்ந்தது. சயான் - பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாக இருக்கும் தோல் கடைகளை அடுத்த முறை பார்க்கும்போது, உள்ளே தொங்குவதெல்லாம் இறுக்கிக் கட்டிய முப்புரிகள் என்பது உங்களுக்கு ஞாபகம் வரட்டும்.

கொலாஜன் அவிழ நேரம் வேண்டும், சரி. ஆனால் தீயைக் கூட்டி நேரத்தைக் குறைக்கக் கூடாதா? கூடாது என்பதைவிட, முடியாது என்பதே பொருத்தம். மும்பை கடல்மட்டத்தில் இருக்கும் ஊர். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயை எவ்வளவு ஏற்றினாலும் குழம்பின் சூடு அதே 100தான். கூடுதலாகக் கொடுத்த வெப்பம் அத்தனையும் ஆவியாகி ஜன்னல் வழியே போகும். எவ்வளவு போகும் தெரியுமா? ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு! மூடாத சட்டியில் தளதளவென்று கொதிக்க விடுகிறவர்கள் சமைப்பதற்குச் செலவிடுவதைவிட ஆவிக்குச் செலவிடுவதே அதிகம்.

இந்தக் கணக்கில் மும்பைக்காரர்களே பெரிய வேலை செய்திருக்கிறார்கள். மாட்டுங்கா கிழக்கில் இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1933இல் மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது. பழைய ஆட்கள் இன்றும் யூ.டி.சி.டி. என்றுதான் சொல்வார்கள். அங்கே ஜே.பி. ஜோஷி, ஏ.பி. பண்டிட் முதலிய வேதிப் பொறியியல் பேராசிரியர்கள், ஆலைக் கொதிகலனுக்குப் போடும் கணக்கை வீட்டுச் சமையல் பாத்திரத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். அடுப்பில் எரியும் எரிபொருளில் எவ்வளவு வெப்பம் சாப்பாட்டுக்குள் போகிறது, எவ்வளவு பாத்திரத்தின் பக்கவாட்டிலும் ஆவியிலும் வீணாகிறது என்று அளந்து, வெப்பத்தைச் சுற்றி அடைத்து வைக்கும் குக்கர்களை வடிவமைத்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரைகள் 2012இல் வெளியாயின. ராக்கெட்டைப் பற்றி ஆராய்வதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை, சாதம் வேகும் பாத்திரத்தைப் பற்றி ஆராய்வது. எரிபொருள் மிச்சமாவது கோடிக்கணக்கான வீடுகளில் அல்லவா!

ஸ்லோ குக்கரும் இதே புத்திதான். மூடி ஆவியை வெளியே விடாது. மூடியில் பட்டுக் குளிர்ந்து மறுபடி பானைக்குள்ளேயே சொட்டும். உட்பானை கனமான பீங்கான். தாராவி கும்பார்வாடாவில் குஜராத்தி குயவர்கள் வனையும் மண்பானைக்குத் தாயாதி முறை. மண்ணும் பீங்கானும் உலோகத்தைப் போல் வெப்பத்தைச் சட்டென்று கடத்தாது. மெதுவாக வாங்கி, எல்லாப் பக்கமும் மெதுவாகக் கொடுக்கும், அடிப்பிடிக்காது. உள்ளே சூடு ஏறி ஏறிக் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். இடையில் ஆசைப்பட்டு மூடியைத் திறந்தால், போன சூட்டைத் திரும்பப் பிடிக்க 15, 20 நிமிடம் ஆகும். திறக்காதீர்கள்.

பிரஷர் குக்கர் நேர் எதிர் வழி. ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றி, கொதிநிலையையே 120 டிகிரிக்குத் தூக்கிவிடுகிறது. ஐந்து மணி நேர வேலை அரை மணியில் முடியும். அவசரத்துக்கு அதுதான் சரி. ஸ்லோ குக்கரில் மின்சாரம் பெரிதாக மிச்சம் என்றும் சொல்ல முடியாது. 200 வாட்டில் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஆகிவிடும். மிச்சமாவது அடுப்படியில் ஆள் நிற்கும் நேரம்.

மெல்லிய சூட்டில் ராத்திரி முழுக்க வேகவிடும் பழக்கம் மின்சாரத்துக்கு வெகுகாலம் முந்தியது. மும்பையில் மீன் ஏலத்துக்குப் பேர்போன சசூன் டாக் இருக்கிறதல்லவா? அந்தப் பெயர், 1832இல் பாக்தாத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த டேவிட் சசூன் என்ற யூத வணிகரின் குடும்பப் பெயர். யூதர்கள் வெள்ளி சாயங்காலம் முதல் சனி இரவு வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். அப்படியானால் சனிக்கிழமை மத்தியானத்துக்குச் சுடச்சுடச் சாப்பாடு எங்கிருந்து வரும்? பாக்தாத் யூதர்கள் ஒரு முழுக்கோழியின் வயிற்றில் அரிசியும் மசாலாவும் அடைத்து, சுற்றிலும் அரிசி போட்டு மூடி, வெள்ளி மாலையே தணலில் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் வெந்து மறுநாள் சரியாகத் தயாராகும். அந்தச் சமையலுக்குத் திபீத் என்று பெயர். ஐரோப்பிய யூதர்கள் இதே காரணத்துக்காக அவரையும் இறைச்சியும் போட்ட சோலண்ட் என்ற பானையை, ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் ராத்திரி வைத்துவிட்டு வருவார்கள். லித்துவேனியாவில் அப்படிச் செய்ததை அம்மா சொல்லக் கேட்டவர் அமெரிக்காவின் இர்விங் நாக்ஸன். மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும் பானையைச் செய்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1971இல் வேறொரு நிறுவனம் அதைக் ‘கிராக் பாட்’ என்று பெயர் மாற்றி விற்றபோதுதான் உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டிலும் 1910இல் கொல்கத்தாவின் டாக்டர் இந்துமாதவ் மல்லிக், அடியில் கரித்தணல், மேலே அடுக்குப் பாத்திரம் என்று ‘இக்மிக் குக்கர்’ செய்தார். தணலை வைத்துவிட்டு வேலைக்குப் போனால், திரும்பும்போது சாதமும் பருப்பும் கறியும் வெந்திருக்கும்.

இனி, கை கழுவச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வசதியான சூட்டில் ஒன்று இரண்டாவதற்கு 20 நிமிடம் போதும். கணக்குப் போடுங்கள்: ஒரு மணி நேரத்தில் 8, இரண்டு மணியில் 64, நான்கு மணியில் 4,096. ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறும் பாத்திரம் என்பதால், ஃப்ரீசரில் கல்லாய் உறைந்த கோழியை நேராக அதில் போடவே கூடாது. உள்பக்கம் பனிக்கட்டி உருகி 60 டிகிரியைத் தாண்டுவதற்குள் கிருமி பெருகிவிடும். முதல் நாளே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கிக்கொள்ள வேண்டும். காலையில் பச்சைக் கோழியைப் பானையில் வைத்துவிட்டு, மத்தியானம்தான் சுவிட்ச் விழும்படி டைமர் வைப்பதும் மும்பைப் புழுக்கத்தில் ஆகாது. கழுவும்போது குழாயைச் சிறிதாகத் திறந்து, தண்ணீர் பக்கத்துப் பாத்திரங்களில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், சூடே காட்டாமல் கிருமியைக் கொல்லும் வழியை ஆராய்ந்திருக்கிறார்கள். கோபால்ட் 60 வெளியிடும் காமா கதிரை உணவுப் பொருளின்மேல் செலுத்துவது அந்த முறை. மசாலாப் பொருள்களுக்காக 2000ஆம் ஆண்டு வாஷியில் அப்படி ஓர் ஆலையே தொடங்கினார்கள். நம் வீட்டில் காமா கதிர் கிடையாது, சூடுதான் உண்டு. தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், சமையல் வெப்பமானியைக் குத்திப் பார்த்து 74 டிகிரி காட்டினால் கிருமிகள் செத்தன என்று நம்பலாம். நிறத்தைப் பார்த்தோ சாற்றைப் பார்த்தோ முடிவு செய்வது சரியாகாது. சூடு தெரிய வேண்டுமானால் வெப்பமானியைத்தான் கேட்க வேண்டும்.

சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ராஜ்மா பயற்றில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் இளஞ்சூடு போதாமல் போகலாம். அதனால் ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கரில் போட வேண்டும். காய்கறியில் கொலாஜன் கிடையாது. அதன் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின். அது இளகவே 85 டிகிரியாவது வேண்டும். அதனால் இந்தப் பானையில் கறிக்கு முந்தி உருளைக்கிழங்கு வெந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கிழங்கையும் கேரட்டையும் சூடு அதிகமுள்ள அடியில் போட்டு, கோழியை அதன்மேல் வைப்பார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்லோ குக்கரில் வெந்த கோழியின் தோல் வெளிறிப்போய், சோர்ந்து கிடக்கும். வறுத்த மணமும் பொன்னிறமும் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈரம் நிறைந்த பானை 100ஐத் தாண்டாது. முதலில் வாணலியில் எண்ணெய் விட்டுக் கோழியை எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டி எடுத்துப் பிறகு பானையில் வைத்தால் இந்தக் குறை தீரும்.

என்னைக் கேட்டால், பிராய்லருக்கு எட்டு மணி நேரம் கொடுப்பது வீண். அதன் கொலாஜன் இளசு. தொடை வெந்து முடிந்த பிறகும் பானையிலேயே விட்டால் நெஞ்சுக்கறி சாறெல்லாம் இழந்து திரிதிரியாகப் போகும். குழம்பில் முழுகிக் கிடக்கிறதே, எப்படி வறளும் என்று கேட்காதீர்கள். நார்கள் சுருங்கிப் பிழிந்து தள்ளிய சாறு திரும்ப உள்ளே போவதில்லை. பிராய்லரின் தொடை 80 டிகிரியைத் தாண்டி மெத்தென்று ஆனதும் பார்த்து எடுத்துவிடுங்கள். ஸ்லோ குக்கரின் முழு அருமையும் தெரிவது நாட்டுக்கோழியிலும், முட்டையிட்டு ஓய்ந்த கோழியிலும், ஆட்டுக்கால் பாயாவிலும்தான். அவிழ்ப்பதற்கு முப்புரிகள் அங்கேதானே ஏராளம்.

அவிழ்ந்ததா இல்லையா என்று நீங்களே சோதிக்கலாம். மசாலாவும் எண்ணெயும் அதிகம் போடாமல் வேகவைத்த கோழிச்சாற்றை வடிகட்டி, ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் ராத்திரி வையுங்கள். காலையில் மேலே மெல்லிய கொழுப்பு ஏடு படிந்திருக்கும். அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் கிண்ணத்தை ஆட்டுங்கள். உள்ளே இருப்பது சிந்தாது, குலுங்கும். குளிர்ந்ததும் ஜெலட்டின் இழைகள் ஆங்காங்கே மறுபடி மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு, தண்ணீரை வலைக்குள் சிறைபிடித்துவிட்டன. ஒரு துளியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உடம்புச் சூட்டுக்கே இழைகள் பிரிந்து தண்ணீராகிவிடும். பலவகை ஜெல்லி மிட்டாய்களில் இருப்பதும் இதே ஜெலட்டின்தான். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடல்பாசியில் செய்யும் ஜெல்லி வேறு. அதில் புரதமே கணக்கில் இல்லை, கெட்டியாக்குவது ஒருவகை மாவுச்சத்து இனம்.

வீட்டில் ஒருநாள் பிராய்லர், இன்னொரு நாள் நாட்டுக்கோழி சமைக்கும்போது, பெரியவர்களைக் கேட்டு ஒரே அளவு சாறு எடுத்து இரண்டு கிண்ணத்திலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எந்தக் கிண்ணம் அதிகம் கெட்டிப்பட்டது, கோழி எத்தனை மணி நேரம் வெந்தது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று மூன்றையும் குறித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.